வேர்ட் ஃபைலுக்குள் வைத்த எக்ஸெல் ஷீட்டில் லிங்க் திறக்கவில்லையா? முழுமையான வழிகாட்டி

கிண்ணியாவில் ஒரு மீனவர் சங்கத்தின் செயலாளர் மாத அறிக்கை தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேர்டில் நாலைந்து பக்கம். நடுவில் ஓர் எக்ஸெல் அட்டவணை: படகு இலக்கம், உரிமையாளர், இயந்திரம், காப்புறுதி முடியும் திகதி. கடைசி நிரலில் ஒவ்வொரு படகின் பதிவுப் பத்திரத்தையும் ஸ்கேன் செய்த கொப்பிக்கு ஒரு லிங்க். அவருடைய கொம்பியூட்டரில் எல்லாம் ஒழுங்காகத் திறக்கிறது. ஃபைல் திருகோணமலை டவுனில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கோல் வருகிறது: "நானா, உங்கட ஃபைல்ல லிங்க் ஒண்டுமே திறக்குதில்ல."

இதற்கு வைரஸ் காரணமில்லை, எக்ஸெலைத் திரும்ப இன்ஸ்டால் செய்யவும் தேவையில்லை. ஓர் எக்ஸெல் ஃபைல் தனியாக ஒரு ஃபோல்டரில் இருக்கும்போது, தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். பக்கத்தில் உள்ள ஃபைல்களை அந்த இடத்திலிருந்து தேடிப் பிடிக்கும். வேர்டுக்குள் பதித்தவுடன் அந்தச் சொந்த இடம் போய்விடுகிறது. நான் பார்த்த அளவில் இந்த வகை எரர்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்துதான் கிளம்புகின்றன. மிச்சம் பெயர் வைப்பதிலும் விண்டோஸ் அமைப்பிலும் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் முகவரிப் பகுதி நீளமாக இருக்கும், மற்றவை சுருக்கமாக இருக்கும்.

கீழே சொல்வது விண்டோஸில் ஓடும் ஒஃபிஸ் 2016, அதற்குப் பிந்திய பதிப்புகள், 365 ஆகியவற்றுக்கு. மெனுப் பெயர்களைத் திரையில் தெரியும் ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். ஃபார்முலாக்களை நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.

முதலில், உள்ளே இருப்பது என்ன?

பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் அட்டவணை நாலு விதமாக வேர்டுக்குள் வந்திருக்கலாம். எது என்று தெரியாமல் திருத்தத் தொடங்கினால் அரை நாள் வீண்.

அட்டவணையின் மேல் டபுள் கிளிக் செய்யுங்கள். வேர்டின் மேல்பட்டை மாறி எக்ஸெல் பட்டை வந்து, அட்டவணையைச் சுற்றி நிரல் எழுத்தும் நிரை எண்ணும் தெரிந்தால் அது பதித்த ஒப்ஜெக்ட். எக்ஸெல் தனி ஜன்னலாகத் திறந்து, மேலே உங்கள் எக்ஸெல் ஃபைலின் சொந்தப் பெயரே தெரிந்தால் அது இணைத்த ஒப்ஜெக்ட். அதாவது வேர்டில் இருப்பது தோற்றம் மட்டும், தரவு வெளியே உள்ள ஃபைலில் இருக்கிறது. படத்துக்கான பட்டை வந்தால் அது வெறும் படம். யாரோ பேஸ்ட் செய்யும்போது 'பிக்சர்' என்று தெரிவுசெய்துவிட்டார்கள், அதற்குள் எந்த லிங்கும் கிடையாது. கர்சர் சாதாரணமாக ஒரு கட்டத்துக்குள் போய் நின்றால் அது வேர்ட் அட்டவணை, அதிலுள்ள லிங்குகள் வேர்டுக்கே சொந்தம்.

உறுதி செய்ய இன்னொரு வழி உண்டு. ஆல்ட் + எஃப்9 அழுத்துங்கள். எழுத்தோடு வரிசையில் நிற்கும் ஒப்ஜெக்டாக இருந்தால் அதன் இடத்தில் நெளிவு அடைப்புக்குள் ஒரு வரி தெரியும். 'எம்பெட்' என்று தொடங்கினால் பதித்தது. 'லிங்க்' என்று தொடங்கி, தொடர்ந்து ஒரு ஃபைல் முகவரி இருந்தால் இணைத்தது. திரும்பவும் ஆல்ட் + எஃப்9 அழுத்தினால் பழையபடி வரும். லப்டொப்பில் எஃப்9 வேலை செய்யாவிட்டால் எஃப்என் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வேர்டுக்கும் எக்ஸெல் ஃபைலுக்கும் நடுவே உள்ள இணைப்பு ஒன்று. எக்ஸெல் செல்லுக்குள் இருந்து வெளியே போகும் ஹைப்பர்லிங்க் இன்னொன்று. இரண்டும் தனித்தனியாகப் பழுதாகும், திருத்தும் இடமும் வேறு. யாராவது "லிங்க் வேலை செய்யவில்லை" என்றால், அட்டவணையின் எண்கள் புதுப்பிக்கப்படவில்லையா அல்லது நீல எழுத்தை அழுத்தினால் திறக்கவில்லையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே உடைகிறது?

பதித்த ஷீட்டில் உள்ள லிங்கை ஒரு தடவை கிளிக் செய்தால் எதுவும் நடக்காது. அது பழுது இல்லை. டபுள் கிளிக் செய்யாத நிலையில் வேர்ட் உங்களுக்குக் காட்டுவது அந்த ஷீட்டின் படத்தைத்தான். முதலில் டபுள் கிளிக் செய்து உள்ளே போக வேண்டும், அதன் பிறகுதான் செல்லில் உள்ள லிங்க் உயிர்பெறும். கொன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு அழுத்தும் பழக்கம் வேர்டின் சொந்த லிங்குகளுக்கு மட்டும். பல முறைப்பாடுகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

உள்ளே போன பிறகும் திறக்கவில்லை என்றால் ஒழுங்காகச் சோதியுங்கள். மூல எக்ஸெல் ஃபைலை அதன் சொந்த ஃபோல்டரில் திறந்து அதே லிங்கை அழுத்துங்கள். அப்புறம் வேர்டுக்குள் அந்த ஒப்ஜெக்டின் மேல் ரைட் கிளிக், 'வேர்க்ஷீட் ஒப்ஜெக்ட்', 'ஓப்பன்'. பதித்த ஷீட் தனி எக்ஸெல் ஜன்னலில் திறக்கும். அங்கே அதே லிங்கை அழுத்துங்கள்.

மூலத்திலேயே திறக்கவில்லை என்றால் வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபைல் நகர்ந்திருக்கும் அல்லது பெயர் மாறியிருக்கும். மூலத்தில் திறந்து, பதித்ததில் 'கெனொட் ஓப்பன் த ஸ்பெசிஃபைட் ஃபைல்' என்று வந்தால் முகவரிப் பிரச்சினை. இரண்டிலும் உங்கள் கொம்பியூட்டரில் திறந்து, மற்றவருடையதில் மட்டும் திறக்கவில்லை என்றாலும் பெரும்பாலும் முகவரிதான். எந்த லிங்கை அழுத்தினாலும், இணைய முகவரி உட்பட, ஒரே எச்சரிக்கை வருகிறது என்றால் விண்டோஸ் அமைப்பு. இந்தப் பிரிப்பு கையில் இருந்தால் மீதி சுலபம்.

முகவரி

ஒரு செல்லில் கொன்ட்ரோல் + கே அழுத்தி, அதே டிரைவில் உள்ள ஒரு ஃபைலுக்கு லிங்க் கொடுக்கிறீர்கள். திரையில் முழு முகவரி தெரிந்தாலும் எக்ஸெல் சேமிப்பது பெரும்பாலும் சார்பு முகவரியைத்தான்: "நான் இருக்கும் ஃபோல்டரில் இருந்து 'ஸ்கேன்' என்ற ஃபோல்டருக்குள் போ, அங்கே இந்த ஃபைல்" என்ற மாதிரி. தனி எக்ஸெலுக்கு இது நல்ல ஏற்பாடு. முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் தூக்கிக்கொண்டு மூதூருக்குப் போனாலும் லிங்க் வேலை செய்யும்.

அதை வேர்டுக்குள் பதித்தால் "நான் இருக்கும் ஃபோல்டர்" என்பதற்கு அர்த்தமில்லாமல் போகிறது. வேர்ட் ஃபைலின் ஃபோல்டரை எக்ஸெல் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. லிங்கின் மேல் மவுஸை நிறுத்திப் பாருங்கள்; 'டெம்ப்' அல்லது 'டொகியுமென்ட்ஸ்' என்று சம்பந்தமில்லாத ஓர் இடம் தெரிந்தால் நோய் இதுதான்.

சரி, மருந்து. நாலு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது, பதிக்காமல் இணைப்பது. எக்ஸெலில் அட்டவணையைக் கொப்பி செய்து, வேர்டில் 'பேஸ்ட் ஸ்பெஷல்' போய், 'பேஸ்ட் லிங்க்' தெரிவுசெய்து, 'எக்ஸெல் வேர்க்ஷீட் ஒப்ஜெக்ட்' என்பதை எடுங்கள். டபுள் கிளிக் செய்யும்போது உண்மையான எக்ஸெல் ஃபைல் தன் சொந்த ஃபோல்டரில் திறப்பதால் சார்பு முகவரிகள் அப்படியே வேலை செய்யும். அறிக்கை ஒரே அலுவலகத்துக்குள் சுற்றுவதானால் இதைவிட நல்ல வழி இல்லை. வெளியே அனுப்புவதானால் எக்ஸெல் ஃபைலையும் கூடவே அனுப்ப வேண்டும், வேர்டில் இணைப்பைத் திருப்பிக் காட்டவும் வேண்டும். அது கீழே வருகிறது.

இரண்டாவது, ஃபார்முலாவால் முகவரி கட்டுவது. ஷீட்டின் மேல் மூலையில் ஒரு செல்லில், உதாரணமாக பி1 இல், ஸ்கேன்கள் இருக்கும் ஃபோல்டரின் முழு முகவரியை எழுதுங்கள். கடைசியில் பின்சாய்வுக் கோடு (\) இருக்க வேண்டும். ஒவ்வொரு நிரையிலும் ஃபைல் பெயர் ஒரு நிரலில், உதாரணமாக ஈ நிரலில். பக்கத்துச் செல்லில் =ஹைப்பர்லிங்க்($பி$1&ஈ5,"பார்க்க") என்ற அமைப்பில் ஃபார்முலா. சில கொம்பியூட்டர்களில் பிராந்திய அமைப்பைப் பொறுத்து நடுவில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கும். இதன் அருமை என்னவென்றால், அறிக்கை வேறு இடத்துக்குப் போனால் பி1 செல் ஒன்றை மாற்றினாலே எல்லா லிங்கும் சரியாகும். பதித்த ஷீட்டுக்குள்ளும் இது வேலை செய்யும், முழு முகவரியாக இருப்பதால்.

மூன்றாவது, ஹைப்பர்லிங்க் பேஸ். மூல எக்ஸெல் ஃபைலில் 'ஃபைல்', 'இன்ஃபோ', வலப்பக்கம் 'ப்ரொபர்டீஸ்' என்பதை அழுத்தி 'அட்வான்ஸ்ட் ப்ரொபர்டீஸ்', அதில் 'சமரி' தாவல். கீழே 'ஹைப்பர்லிங்க் பேஸ்' என்ற பெட்டியில் அடிப்படை ஃபோல்டரை எழுதுங்கள். அந்த ஃபைலில் உள்ள சார்பு முகவரிகள் எல்லாம் அங்கிருந்து கணக்கிடப்படும். இதை வேர்டில் பதிக்கும் முன் மூல ஃபைலில் செய்துவிடுங்கள். ஏற்கெனவே நூற்றுக்கணக்கான லிங்க் போட்டுவிட்டு, திரும்பச் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது வசதி. ஆனால் அடுத்து வருபவருக்கு அந்தப் பெட்டி இருப்பதே தெரியாது. ஒரு வருடம் கழித்து ஃபோல்டர் மாறும்போது, ஏன் எல்லாம் ஒன்றாக உடைந்தது என்று யாருக்கும் விளங்காது.

நாலாவது, அலுவலக சேர்வர் முகவரி. இதில் அடிக்கடி நடக்கும் தவறு டிரைவ் எழுத்து. ஒருவருடைய கொம்பியூட்டரில் சேர்வர் ஃபோல்டர் 'இசட்' டிரைவாகத் தெரியும், பக்கத்து மேசையில் அதுவே 'எக்ஸ்' டிரைவ். லிங்க் 'இசட்' என்று சொன்னால் பக்கத்து மேசையில் செத்துவிடும். இரண்டு பின்சாய்வுக் கோட்டில் தொடங்கி, சேர்வர் பெயர், பகிர்ந்த ஃபோல்டர் பெயர் என்று எழுதுங்கள். எல்லா மேசையிலும் ஒன்றாகவே திறக்கும். அதேபோல 'சி' டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் டெஸ்க்டொப்புக்கு லிங்க் கொடுக்காதீர்கள். அந்தப் பெயர் வேறு எந்தக் கொம்பியூட்டரிலும் இருக்காது.

எந்த வழியை எடுத்தாலும் எக்ஸெல் இடையில் புகுந்து முகவரியை மாற்றாமல் தடுக்க வேண்டும். 'ஃபைல்', 'ஒப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்', கீழே இறங்கி 'ஜெனரல்' பகுதியில் 'வெப் ஒப்ஷன்ஸ்', அதில் 'ஃபைல்ஸ்' தாவல். 'அப்டேட் லிங்க்ஸ் ஒன் சேவ்' என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் முகவரிகளை எக்ஸெல் தன் கணக்கில் திருத்திப் பார்க்கும்.

கரண்ட் போய் கொம்பியூட்டர் நின்று, எக்ஸெல் தானாக மீட்டெடுத்த ஃபைலை அப்படியே சேமித்தால் வரும் கூத்து ஒன்று இருக்கிறது. எல்லா லிங்கும் 'ஆப்டேட்டா', 'ரோமிங்', 'மைக்ரோசொஃப்ட்', 'எக்ஸெல்' என்ற நீண்ட முகவரிக்கு மாறியிருக்கும். மீட்டெடுத்த பிரதி அந்த மறைவான ஃபோல்டரில் இருந்ததால் சார்பு முகவரி அங்கிருந்து கணக்கிடப்பட்டது. பழைய பிரதி இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் 'ஃபைன்ட் அண்ட் ரிப்ளேஸ்' கைகொடுக்காது. அது செல்லில் தெரியும் எழுத்தையும் ஃபார்முலாவையும் மட்டும் மாற்றும், கொன்ட்ரோல் + கே மூலம் போட்ட லிங்கின் முகவரியைத் தொடாது. மேக்ரோ (எக்ஸெலுக்குள் ஓடும் சின்னப் புரோகிராம்) எழுதத் தெரிந்தவர் இருந்தால், ஷீட்டில் உள்ள ஒவ்வொரு ஹைப்பர்லிங்கின் முகவரியிலும் ஒரு துண்டை இன்னொரு துண்டால் மாற்றும் நாலைந்து வரி போதும். மேக்ரோ வேண்டாம் என்றால், மேலே சொன்ன ஃபார்முலா முறைக்கு மாறிவிடுங்கள். பிறகு 'ஃபைன்ட் அண்ட் ரிப்ளேஸ்' உங்கள் பக்கம்.

ஸிப் விஷயத்தையும் சொல்ல வேண்டும். வேர்ட் ஃபைலையும் ஸ்கேன் ஃபோல்டரையும் ஒன்றாக ஸிப் செய்து அனுப்புகிறீர்கள். பெறுபவர் ஸிப்பைத் திறந்து, உள்ளே தெரியும் வேர்ட் ஃபைலை நேரே டபுள் கிளிக் செய்கிறார். விண்டோஸ் அந்த ஒரு ஃபைலை மட்டும் தற்காலிக இடத்துக்கு எடுத்துத் திறக்கிறது; ஸ்கேன்கள் ஸிப்புக்குள்ளேயே கிடக்கின்றன. மெயில் இணைப்பில் இருந்து நேரே திறந்தாலும் இதே கதை. அதனால் மெயிலில் ஒரு வரி எழுதுங்கள்: "முதலில் எக்ஸ்ட்ராக்ட் ஒல் செய்து, அப்புறம் திறக்கவும்."

ஃபைல் பெயர், ஷீட் பெயர், பாமினி

ஃபைல் பெயரில் ஹேஷ் குறி (#) வேண்டாம். எக்ஸெலுக்கு அந்தக் குறி "ஃபைல் பெயர் இதோடு முடிந்தது, இனி வருவது அதற்குள் இருக்கும் இடம்" என்று பொருள். '#12 படகு' என்று பெயர் வைத்தால் லிங்க் உடையும். வீதக் குறியும் (%) இணைய முகவரிகளில் தனி வேலை உடையது என்பதால் தவிர்த்துவிடுங்கள்.

நீளத்திலும் ஓர் எல்லை உண்டு. எக்ஸெல் ஃபைலைப் பொறுத்தவரை ஃபோல்டர் வழி, பெயர் எல்லாம் சேர்த்து 218 எழுத்து. தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, கொம்பியூட்டர் எண்ணும் விதம் நாம் எண்ணும் விதம் இல்லை என்பது. 'திருகோணமலை' நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்க் குறிகள் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 10. இணைய முகவரியாகக் கொப்பி செய்யும்போது இந்த 10ம் ஒவ்வொன்றும் 9 எழுத்தாக விரிந்து, ஒரு சொல்லே 90 ஆகிவிடும். ஹைப்பர்லிங்க் ஃபார்முலாவுக்குள் முகவரி 255 எழுத்தைத் தாண்டினால் 'வேல்யூ' எரர்தான் கிடைக்கும். தமிழ்ச் சொல் மூன்று கொண்ட ஓர் இணைய முகவரியே அந்த எல்லையைத் தொட்டுவிடும். அப்படியான முகவரிகளை ஃபார்முலாவில் போடாமல் கொன்ட்ரோல் + கே மூலம் போடுங்கள், அல்லது குறுகிய முகவரியாக மாற்றுங்கள். லிங்க் கொடுக்கப்போகும் ஃபைல்களுக்கு ஆங்கில எழுத்தில் சின்னப் பெயர் வைப்பதுதான் என் சிபாரிசு. தமிழ்ப் பெயர் அட்டவணைக்குள் அழகாக இருக்கட்டும்.

பாமினி எழுத்துரு நம் அலுவலகங்களை விட்டு இன்னும் போகவில்லை, அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். பாமினியில் டைப் செய்வது உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. ஷீட் தாவலுக்கு எழுத்துரு மாற்ற முடியாது என்பதால் அங்கே புரியாத ஆங்கிலக் கோர்வைதான் தெரியும். புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறி (;) விழும். ஜ எழுத்துக்குச் சதுர அடைப்பு ([) விழும், அதை ஷீட் பெயரில் எக்ஸெல் ஏற்காது, ஆகவே பாமினியில் ஜனவரி, ஜூன், ஜூலை போன்ற பெயர்களில் ஷீட்டே வைக்க முடியாது. லிங்கில் யூனிகோடில் 'மார்ச்' என்று எழுதி, தாவலில் பாமினியில் மார்ச் இருந்தால் இரண்டும் ஒருபோதும் பொருந்தாது. ஷீட் பெயர்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு லிங்கைத் திரும்பப் போடுங்கள்.

உள்ளுக்குள்ளேயே தாவும் லிங்க்

நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதி, கொழும்பில் உள்ள பயண முகவர்களுக்கு வேர்டில் விலைக் கடிதம் அனுப்புகிறது என்று எடுங்கள். பதித்த ஷீட்டின் முதல் பக்கத்தில் அறை விலை. 'புறாத்தீவு', 'கன்னியா', 'கோணேசர் கோயில்' என்று மூன்று லிங்க். ஒவ்வொன்றும் அந்தந்தப் பயண விவரம் உள்ள ஷீட்டுக்குத் தாவ வேண்டும்.

'ரெஃபரன்ஸ் இஸின்ட் வலிட்' என்று வந்தால், லிங்க் போட்ட பிறகு ஷீட்டின் பெயரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஃபார்முலாக்கள் புதுப் பெயருக்குத் தாமாக மாறும், ஹைப்பர்லிங்க் மாறாது. ஷீட் பெயரில் இடைவெளி இருந்தால் ஒற்றை மேற்கோள் கட்டாயம்: ஃபார்முலாவில் "#'கோணேசர் கோயில்'!ஏ1" என்ற அமைப்பு வர வேண்டும். 'கன்னியா' ஒரே சொல் என்பதால் மேற்கோள் இல்லாமலும் தப்பிவிடும், ஆனால் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவது நல்லது. பெயர் மாறினாலும் உடையாமல் இருக்க, இலக்குச் செல்லுக்கு 'ஃபார்முலாஸ்' தாவலில் 'டிஃபைன் நேம்' மூலம் ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாத ஒரு பெயர் கொடுத்து, லிங்கை அந்தப் பெயருக்குத் திருப்புங்கள்.

சிலர் ஃபார்முலாவுக்குள் சதுர அடைப்பில் எக்ஸெல் ஃபைலின் பெயரையே எழுதுவார்கள். வேர்டுக்குள் போனதும் அந்தப் பெயரில் ஒரு ஃபைலே கிடையாது, ஆகவே லிங்க் செத்துவிடும். ஃபைல் பெயரை எடுத்துவிட்டு ஹேஷ் குறியில் தொடங்குங்கள்.

இன்னொரு வேடிக்கை. முகவர் டபுள் கிளிக் செய்து, 'கன்னியா' லிங்கை அழுத்தி, பார்த்துவிட்டு வெளியே கிளிக் செய்கிறார். இப்போது வேர்டில் அறை விலை இருந்த இடத்தில் கன்னியா வெந்நீரூற்றுப் பயண விவரம் நிற்கும். கடைசியாக எந்த ஷீட் திறந்திருந்ததோ அதையே வேர்ட் படமாக எடுத்துக்கொள்கிறது. விலை காணாமல் போய்விட்டது என்று பதறத் தேவையில்லை. திரும்ப உள்ளே போய் முதல் ஷீட்டைத் தெரிவுசெய்துவிட்டு வெளியே வந்தால் சரி.

இதையும் மனதில் வையுங்கள்: நாலு நிரையை மட்டும் கொப்பி செய்து ஒப்ஜெக்டாகப் பதித்தாலும் முழு எக்ஸெல் ஃபைலுமே வேர்டுக்குள் போகிறது. வேறொரு ஷீட்டில் ஊழியர் சம்பளமோ முகவர் வாரியான கழிவோ இருந்தால், அதுவும் கொழும்புக்குப் போய்விடும். பதிக்க முன் தேவையான ஷீட்டுகளை மட்டும் ஒரு புது ஃபைலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸும் பிரவுசரும் மறிக்கும்போது

இந்தக் கொம்பியூட்டரில் உள்ள கட்டுப்பாட்டால் செயல் நிறுத்தப்பட்டது, நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். வீட்டு லப்டொப்பில் எந்த நிர்வாகி? பெரும்பாலும் ஏதோ ஒரு பிரவுசரை நீக்கிய பிறகு இது தொடங்கியிருக்கும். இணைய ஃபைல்களை எதில் திறப்பது என்ற குறிப்பு அநாதையாக நிற்கிறது. விண்டோஸ் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'டிஃபோல்ட் ஆப்ஸ்' போய், உங்கள் பிரவுசரைத் திரும்ப முன்னிருப்பாக வையுங்கள். எச்டிஎம், எச்டிஎம்எல் ஃபைல் வகைகளும் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இணைப்பு வகைகளும் அதே பிரவுசரையே காட்டுகின்றனவா என்று பாருங்கள். ஒஃபிஸை மூடித் திறந்தால் போதும்.

லொகின் செய்தால் மட்டும் திறக்கும் இணையப் பக்கங்களுக்கு லிங்க் கொடுத்தால், பிரவுசரில் திறப்பது எக்ஸெலில் திறக்காமல் போகலாம். லிங்கைப் பிரவுசரிடம் கொடுக்கும் முன் ஒஃபிஸ் தானே அந்தப் பக்கத்தைத் தட்டிப் பார்க்கிறது. அதற்கு உங்கள் லொகின் தெரியாது. லொகின் தேவையில்லாத பகிர்வு முகவரியைப் பயன்படுத்துங்கள்.

மெயிலில் வந்த ஃபைல் மேலே மஞ்சள் பட்டையோடு 'ப்ரொடெக்டட் வியூ' நிலையில் திறந்தால் ஒப்ஜெக்டுக்குள் போகவே முடியாது. அனுப்பியவரை உங்களுக்குத் தெரியும் என்றால் 'எனேபிள் எடிட்டிங்' அழுத்துங்கள். தெரியாதவர் அனுப்பியது என்றால் அழுத்தாதீர்கள்.

வேர்டுக்கும் எக்ஸெலுக்கும் நடுவே இணைப்பு அறுந்தால்

இணைத்த ஒப்ஜெக்ட் இருந்த இடத்தில் 'எரர்! நொட் எ வலிட் லிங்க்' என்று தடித்த எழுத்தில் வந்தால், எக்ஸெல் ஃபைல் நகர்ந்திருக்கிறது, அல்லது ஷீட் பெயர் மாறியிருக்கிறது. வேர்டில் 'ஃபைல்', 'இன்ஃபோ', வலப்பக்கம் கீழே 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்'. பட்டியலில் உள்ளதைத் தெரிவுசெய்து 'சேஞ்ச் சோர்ஸ்' மூலம் புது இடத்தைக் காட்டுங்கள். ஷீட் பெயர் மாறியிருந்தால் அதே பெட்டியில் 'ஐட்டம்' பட்டனை அழுத்தித் திருத்தலாம்.

ஒரே அறிக்கையில் இருபது முப்பது இணைப்பு இருந்தால் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டாம். ஆல்ட் + எஃப்9 அழுத்தி முகவரி வரிகளை வெளியே கொண்டுவாருங்கள். கொன்ட்ரோல் + எச் அழுத்தி, பழைய ஃபோல்டரைப் புதியதால் மாற்றுங்கள். கவனம், இந்த வரிகளுக்குள் ஒவ்வொரு பின்சாய்வுக் கோடும் இரட்டையாக இருக்கும், நீங்களும் அப்படியே எழுத வேண்டும். திரும்ப ஆல்ட் + எஃப்9, அப்புறம் கொன்ட்ரோல் + ஏ, எஃப்9. கொன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9 மட்டும் தவறுதலாக அழுத்திவிடாதீர்கள். இணைப்பு நிரந்தரமாக அறுந்து, அட்டவணை அப்படியே உறைந்துவிடும். அறிக்கை முடிந்து இனி மாற்றமே இல்லை என்ற நிலையில் வேண்டுமானால் அதையே வேண்டுமென்று செய்யலாம்.

பிடிஎஃப், போன், பவர்பொயின்ட்

பிடிஎஃப் ஆக்கினால் பதித்த ஷீட் படமாகிவிடும், அதற்குள் உள்ள லிங்குகள் போய்விடும். இதற்குத் திருத்தம் கிடையாது, ஏற்பாட்டையே மாற்ற வேண்டும். பெறுபவர் பிடிஎஃப்பில் பார்ப்பார், போனில் பார்ப்பார் என்று தெரிந்தால் லிங்குகளை ஷீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். எக்ஸெலில் கொப்பி செய்து 'கீப் சோர்ஸ் ஃபொர்மட்டிங்' என்று சாதாரண அட்டவணையாக வேர்டில் பேஸ்ட் செய்யுங்கள். லிங்க் கூடவே வராத செல்களுக்கு வேர்டில் கொன்ட்ரோல் + கே. 'சேவ் ஆஸ்' மூலம் பிடிஎஃப் எடுங்கள். 'பிரின்ட் டு பிடிஎஃப்' லிங்கை எல்லாம் வெறும் எழுத்தாக்கிவிடும். ஸ்கேன் ஃபைல்களும் கொம்பியூட்டருக்குள் இருந்தால் போனில் திறக்காது என்பதால் அவற்றை இணையத்தில் பகிர்ந்த ஃபோல்டரில் ஏற்றி அந்த முகவரியைக் கொடுங்கள்.

பவர்பொயின்டில் ஸ்லைட் ஷோ ஓடும்போது பதித்த ஷீட்டின் மேல் கிளிக் செய்தால் அடுத்த ஸ்லைடுக்குத்தான் போகும். லிங்க் இருக்கும் இடத்தின் மேல் நிறமில்லாத ஒரு செவ்வகம் வரைந்து, அந்தச் செவ்வகத்துக்கு லிங்க் கொடுங்கள். முழு ஷீட்டையும் திறக்க வேண்டுமானால் ஒப்ஜெக்டைத் தெரிவுசெய்து 'இன்சேர்ட்', 'ஆக்ஷன்', 'ஒப்ஜெக்ட் ஆக்ஷன்', 'ஓப்பன்'.

லிப்ரே ஒஃபிஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்றிரண்டு: அங்கே ஷீட் பெயருக்கும் செல்லுக்கும் நடுவே ஆச்சரியக் குறிக்குப் பதில் முற்றுப்புள்ளி வழக்கம், லிங்கைத் திறக்கக் கொன்ட்ரோலைப் பிடிக்க வேண்டும், சார்பு முகவரியாகச் சேமிப்பதா இல்லையா என்பதை 'டூல்ஸ்', 'ஒப்ஷன்ஸ்', 'லோட்/சேவ்', 'ஜெனரல்' என்ற இடத்தில் தீர்மானிக்கலாம்.

எதுவும் சரிவராவிட்டால்: ஃபைலைப் பிரித்துப் பார்ப்பது

லிங்க் உண்மையில் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. வேர்ட் ஃபைலைப் பிரதி எடுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம். பழைய 'டொக்' வகையானால் முதலில் 'டொக்எக்ஸ்' ஆகச் சேமியுங்கள். பிரதியின் பெயர் முடிவை 'ஸிப்' என்று மாற்றித் திறந்தால் உள்ளே 'வேர்ட்' ஃபோல்டர், அதற்குள் 'எம்பெடிங்ஸ்'. உங்கள் பதித்த ஷீட் அங்கே ஓர் எக்ஸெல் ஃபைலாக இருக்கும். அதை வெளியே எடுத்து, அதன் பெயர் முடிவையும் 'ஸிப்' ஆக்குங்கள். 'எக்ஸ்எல்', 'வேர்க்ஷீட்ஸ்', கீழ்க்கோட்டில் தொடங்கும் 'ரெல்ஸ்' என்று போய், அங்குள்ள ஃபைலை நோட்பேடில் திறந்தால், 'டார்கெட்' என்ற சொல்லுக்குப் பின்னால் கொன்ட்ரோல் + கே மூலம் போட்ட ஒவ்வொரு வெளி லிங்கின் உண்மையான முகவரியும் எழுதியிருக்கும். டிரைவ் எழுத்தோ சேர்வர் பெயரோ இல்லாமல் ஃபோல்டர் பெயரில் நேரே தொடங்கினால் அது சார்பு முகவரி. 'ஆப்டேட்டா' தெரிந்தால் கரண்ட் போன அன்று நடந்தது. இவற்றை நோட்பேடிலேயே திருத்திப் பொருத்த முயல வேண்டாம். மூல எக்ஸெலில் சரிசெய்து, வேர்டில் உள்ள பழைய ஒப்ஜெக்டை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிப்பதே விரைவு.